வெயிலில் வேகும் மொச்சை: சோலார் குக்கர் கிராமத்து வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

மதுரைப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. பங்குனி, சித்திரையில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அப்படியிருந்தும் சோலார் குக்கர் ஏன் ஊருக்குள் பரவவில்லை என்று பலரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். 1980களின் தொடக்கத்திலிருந்தே மத்திய அரசு இதற்கென்று திட்டம் போட்டு மானியம் கொடுத்தது, கல்லூரிப் பிள்ளைகள் முகாம் போட்டுச் சமைத்துக் காட்டினார்கள், தொண்டு நிறுவனங்கள் இலவசமாகவே கொடுத்துப் பார்த்தன. ஆனாலும் உசிலம்பட்டியிலிருந்து மேலூர் வரை ஊர் ஊராகப் போனாலும் தினமும் அதில் சமைக்கிற ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. செல்போனும் மிக்ஸியும் யார் விழிப்புணர்வு ஊட்டி ஊருக்குள் வந்தன? தன் வேலைக்கு உதவுகிற பொருளை நம் பெண்கள் ஒரு வாரத்தில் கண்டுகொள்வார்கள். சோலார் குக்கரை அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு நூறு பெட்டி கொடுத்தாலும் அதுவும் பரணுக்குத்தான் போகும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சிக்கல் அதற்குள்ளேயே இருக்கிறது. வீடுகளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் பெட்டி வகை. உள்ளே கறுப்புப் பூசிய தகரத் தட்டு, அதைச் சுற்றிச் சூடு வெளியேறாமல் அடைப்பு, மேலே இரண்டு அடுக்குக் கண்ணாடி, மூடியின் உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே போய்க் கறுப்புத் தட்டில் பட்டுச் சூடாக மாறுகிறது, அந்தச் சூடு திரும்பி வெளியே வரக் கண்ணாடி விடுவதில்லை. வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற அனல்தான் இதுவும். ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் 1767இல் தொடங்கிய சோதனைகளில் இப்படி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் கொதிக்கிற சூட்டையும் தாண்டிப் போயிருக்கிறார், ஆகவே இது வேலை செய்யுமா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

வேகம்தான் பிரச்சினை. நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழுவது ஏறக்குறைய 1000 வாட். வீட்டுப் பெட்டியின் வாய் அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது கால் சதுர மீட்டர், அதாவது 250 வாட், மூடியில் உள்ள கண்ணாடி இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும், பாத்திரத்துக்குள் போய்ச் சேர்வது சுமார் 75 வாட். அப்படியென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேஸ் அடுப்பின் ஒரு பர்னர் 2000 வாட் அளவுக்கு எரியும், அதே தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கொதித்துவிடும். சோறு வேக இரண்டு மணி நேரம், துவரம் பருப்புக்கு அதற்கு மேல், ராத்திரி முழுக்க ஊற வைத்த மொச்சைக்கு மூன்று மணி நேரம் என்று இருக்கும்போது இதை அடுப்புக்கு மாற்று என்று சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கியவர்கள் முதல் நாளே ஏமாந்துபோவார்கள்.

அப்புறம் நேரம். நம் கிராமத்தில் உலை எப்போது கொதிக்கிறது? விடியற்காலையில். நூறு நாள் வேலைக்கோ களை எடுக்கவோ போகிறவர்கள் காலையில் ஒரே மூச்சில் சோறும் குழம்பும் ஆக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், திரும்பி வந்து சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி உலை வைப்பார்கள். சூடாகச் சாப்பிடுவது ராத்திரிதான். சோலார் குக்கருக்கு உருப்படியான வெயில் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. அந்த நேரத்தில் வீட்டில் ஆளே இருப்பதில்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மதியச் சாப்பாடு சத்துணவில் கிடைத்துவிடுகிறது, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டம் வந்த பிறகு சின்னப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. வெயில் உச்சியில் இருக்கும்போது வீட்டில் சமைக்க வேண்டிய தேவை நம் ஊரில் வேறு எந்த நேரத்தையும்விடக் குறைவு. திட்டம் போட்டவர்கள் சூரியனை அளந்தார்கள், வீட்டுக்காரம்மாவின் நாளை அளக்கவில்லை.

திருமலையில் 2002இல் வைத்த சூரிய நீராவிச் சமையலறையும் ஆரோவில்லில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் போலக் கட்டிய சூரியச் சமையலறையும் இதற்கு நேர் எதிர். அங்கே மதியத்துக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு வேண்டும், அதைக் கவனிக்கச் சம்பள ஆட்கள் இருக்கிறார்கள், வெயில் இல்லாத நாளில் கொதிகலனுக்கு வேறு எரிபொருள் இருக்கிறது. அங்கே ஓடுகிறதே, வீட்டில் ஏன் ஓடாது என்று ஒப்பிடுவது சரியில்லை.

சோறு விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. செக்கானூரணிப் பக்கம் ஓர் ஊரில் மகளிர் குழுவுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம், ஓர் அப்பத்தா மட்டும் ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டுச் செய்து காட்டிய பெண்ணிடம் கேட்டார்: "வெந்திருக்குத்தா. கஞ்சி எங்க?" அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. நம் வீடுகளில் சோறு வடிக்கிறோம். நிறையத் தண்ணீர் வைத்து, வெந்ததும் சிப்பித்தட்டைக் கவிழ்த்து வடித்தால் வருகிற கஞ்சியில் கொஞ்சம் உப்புப் போட்டு ஒரு வாய் குடிக்கிறவர்கள் உண்டு, மீதி கழனித் தொட்டிக்குப் போய் மாடு குடிக்கும். சோலார் குக்கரில் வடிக்க முடியாது, தண்ணீரை அளந்து ஊற்றிப் பொங்கத்தான் வேண்டும், அதிகத் தண்ணீர் வைத்தால் அது கொதிக்கவே பாதி நாள் போய்விடும். ரேஷன் புழுங்கலரிசியை அளவுத் தண்ணீரில் பொங்கினால் சோறு குழைவாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் பழைய சோறும் வழக்கமான ருசியில் இருக்காது. இத்தனை மாற்றத்தையும் ஒரு பெட்டிக்காக ஏற்றுக்கொள்ளச் சொல்வது பெரிய விஷயம். என்னைக் கேட்டால் சோற்றை விட்டுவிடலாம், சோற்றை வைத்துச் செய்து காட்டுவதே முதல் தப்பு.

தாளிக்கவும் பெட்டியில் முடியாது, எண்ணெய் காயும் சூடு அதில் வராது. தோசை, அப்பளம், மீன் வறுவல் எதுவும் முடியாது. ஒன்றரை மீட்டர் அகலக் குழிக் கண்ணாடி அடுப்பில் இவையெல்லாம் முடியும், ஆனால் அதைச் சூரியன் நகர நகர இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கொண்டே வெயிலில் நிற்க வேண்டும், கண் கூசும், பிள்ளைகள் குறுக்கே ஓடினால் ஆபத்து. 1950களில் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்த மாதிரி ஒன்றை உருவாக்கி அது விற்பனைக்கும் வந்தது, மக்கள் வாங்கவில்லை. சித்திரை வெயிலில் அடுப்போடு சேர்ந்து சமைக்கிறவளும் காய வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்?

இன்னொன்று, வீட்டுக்குள் நடக்கிற சமையலைத் தெருவுக்குக் கொண்டுவருவது. ஓட்டு வீட்டுக்கு மொட்டை மாடி கிடையாது, பெட்டியை வாசலில்தான் வைக்க வேண்டும், வாசலில் கோழி, ஆடு, பந்து விளையாடுகிற பிள்ளைகள், அழகர்கோவில் பக்கம் என்றால் குரங்கு. "இன்னைக்கு நம்ம வீட்ல என்ன கொழம்புன்னு தெருவுக்கே தெரியணுமாக்கும்" என்று பெண்கள் கேட்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கறி எடுத்த நாளும் தெரியும், ஒன்றும் இல்லாத நாளும் தெரியும். கண்ணேறு என்று சொல்வதற்குள் இந்தக் கூச்சமும் இருக்கிறது. காரை வீடாக இருந்தால் மாடிக்கு ஏற்றிவிடலாம், ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பெட்டியை யார் தினமும் ஏற்றி இறக்குவது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாடியிலேயே விட்டால் ஆடிக் காற்று மூடியைத் தூக்கி அடித்துக் கண்ணாடியை உடைத்துவிடும்.

எரிபொருள் கணக்குக்கு வருவோம். கென்யாவின் காக்குமா அகதி முகாமில் 1995இலிருந்து அட்டையால் செய்த சூரிய அடுப்புகளைக் கொடுத்தார்கள், அங்கே விறகு கிடைப்பதே பெரும்பாடு. நம் பக்கம் நிலைமை வேறு. கண்மாய்க் கரை, தரிசு, ஓடை என்று எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவு போட்டது, இருந்தும் வெட்ட வெட்ட வளர்கிறது. விறகு காசில்லாமல் கிடைக்கிற ஊரில் விறகு மிச்சம் என்று சொன்னால் எடுபடாது. கேஸ் இருக்கிறது, சிலிண்டர் 800 ரூபாய்க்கு மேல் போய்விட்டதால் காலை அவசரத்துக்குக் கேஸ், குளிக்க வெந்நீர் போடவும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, தவிடு காய்ச்சவும் விறகு என்று இரண்டையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம் என்பதால் சில வீடுகளில் கரண்ட் குக்கரும் வந்துவிட்டது.

விளம்பரங்களில் வருஷத்துக்கு மூன்று நான்கு சிலிண்டர் மிச்சம் என்று போடுகிறார்கள். ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் அளவு சூடு இருக்கிறது, நல்ல அடுப்பில் அதில் 100 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாத்திரத்துக்குப் போகும். மேலே சொன்ன 75 வாட் பெட்டி ஐந்து மணி நேர வெயிலில் கொடுப்பது முக்கால் அல்ல, அரை யூனிட்டும் அல்ல, அதற்கும் கீழே. வருஷத்தில் 250 நாள் விடாமல் சமைத்தாலும் ஒரு சிலிண்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. அடுப்பை எரியவிட்டு மறந்துபோகிற வீணடிப்பையெல்லாம் சேர்த்தால் இரண்டு வரலாம். மூன்று, நான்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் வாங்கியவள் கணக்குப் பார்த்தால் அடுத்த முறை நாம் சொல்கிற எதையும் நம்ப மாட்டாள். ஒரு சிலிண்டர் என்றே சொல்லிவிடலாம், ஒரு சிலிண்டரும் ஏழை வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

விறகு காசில்லாமல் கிடைத்தாலும் புகை சும்மா விடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். கண் எரிச்சலும் இருமலும் நம் அம்மாக்களுக்குச் சமையலில் ஒரு பகுதி மாதிரியே ஆகிவிட்டன. ஆகவே ஒரு நாளைக்கு விறகு முக்கால் கிலோ குறைந்தாலும் எனக்கு அது முக்கியம், ஆனால் குறைகிற அளவை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது. பெட்டிக்குள் எதுவும் அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது, கிண்ட வேண்டாம், பக்கத்தில் இருக்கவும் வேண்டாம். அடுப்பில் எது நேரத்தையும் எரிபொருளையும் அதிகம் தின்கிறதோ அதுதான் இதற்குத் தோது. மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, பச்சை வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பனங்கிழங்கு, முட்டை. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பயறு வேக வைப்பதையே தள்ளிப்போடுகிற வீடுகள் உண்டு, பிள்ளைகளுக்குச் சத்து கிடைக்க வேண்டிய பண்டம் அதுதான். ராத்திரி ஊறப் போட்ட மொச்சையைக் காலை பத்து மணிக்குத் தண்ணீரும் உப்பும் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் மூன்று மணிக்குத் திரும்பும்போது வெந்திருக்கும், தோல் கிழியாமல், விரலில் அழுத்தினால் மாவாக நசுங்கும். அப்புறம் கேஸில் ஐந்து நிமிடம் கத்தரிக்காயோடு புளிக்குழம்பாகக் கூட்டித் தாளித்தால் வேலை முடிந்தது. பருப்பை இதே மாதிரி வேக வைத்து எடுத்து, மூடிய பாத்திரத்தோடு பழைய சேலையில் சுற்றிக் கூடைக்குள் வைக்கோல் அடைத்து வைத்தால் சாயங்காலம் வரை சூடு நிற்கும். வெந்நீருக்கும் இதை வைத்துக்கொள்ளலாம், குடிக்கிற தண்ணீரில் உள்ள கிருமி சாகக் கொதிக்கக்கூட வேண்டியதில்லை, 65 டிகிரி சூட்டில் சில நிமிடம் நின்றாலே போதும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும். மேகம் கட்டிக்கொண்டு பெட்டி அரைச் சூட்டில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பதை அப்படியே விடக் கூடாது, பயறும் சோறும் அந்த இளஞ்சூட்டில் ஊசிப்போகும், வயிற்றுக்கு ஆகாது. உடனே எடுத்துக் கேஸில் வைத்து முடித்துவிட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நாளில் வானம் தெளிவாக இருந்தால் மட்டும் வைக்கலாம்.

எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்பதில்தான் மீதி விஷயம் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒன்று என்று கணக்குக் காட்டக் கொடுக்காதீர்கள். மல்லிகை போட்டிருக்கிற வீடுகளைப் பாருங்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியை விடியலில் பறிக்கத் தொடங்கி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் ஒன்பது, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், பெட்டியை வெயிலில் வைக்க வேண்டிய நேரமும் அதுதான். வீட்டிலிருந்தே பூக் கட்டுகிறவர்கள், தையல் மெஷின் போட்டிருப்பவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாக இருக்கிற தாத்தா பாட்டிகள், கைப்பிள்ளைக்காரிகள் இவர்களெல்லாம் பகலில் வீட்டில் இருப்பவர்கள், கொஞ்சமாகச் சமைப்பவர்கள், அவர்களுக்கு இந்தப் பெட்டியின் அளவும் வேகமும் ஒத்துப்போகும். ஆறேழு பேருக்கு உலை வைக்கிற கூட்டுக் குடும்பத்துக்கு இது காணாது.

ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே கூடாது, மழையும் மூட்டமுமாக இருக்கிற அந்த மாதங்களில் முதல் மூன்று தடவை வேகாமல் போனால் நான்காவது தடவை யாரும் வைத்துப் பார்க்க மாட்டார்கள். தைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் ஆனி வரைக்கும் நல்ல வெயில், கை பழகிவிடும். பொதுவாகத் தெற்குப் பார்த்து வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது வட இந்தியாவுக்குச் சரி. மதுரை இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறந்ததும் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், இடைப்பட்ட வைகாசி, ஆனி, ஆடியில் உச்சிக்கு வடக்கே சாய்ந்திருக்கும், அந்த மாதங்களில் மூடிக் கண்ணாடியை வடக்குப் பார்க்கத் திருப்ப வேண்டும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாயும், அப்போது தெற்கு. நிழல் விழுகிற பக்கத்தில் கண்ணாடி நிற்கட்டும் என்று ஒரு வரியில் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

இலவசமாகக் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை, ஒரேயடியாகப் பணம் போட்டு வாங்கச் சொல்வதையும் ஆதரிக்கவில்லை. மகளிர் குழுவுக்கு நான்கைந்து பெட்டிகளைக் கொடுத்து ஒரு வீட்டில் ஒரு மாதம் என்று சுற்றவிடலாம். பிடித்தவள் குழுக் கடனில் தவணைக்கு எடுத்துக்கொள்ளட்டும், பிடிக்காதவள் கூச்சமில்லாமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடட்டும். செய்து காட்டுவதையும் வெளியாள் செய்ய வேண்டாம், அதே தெருவில் ஒருத்தி வேக வைத்த கடலையை நான்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாலே மற்றவர்கள் அவளிடம் வந்து கேட்பார்கள். வீட்டு ஆண்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும், காசு கொடுப்பதும் மாடியில் இடம் ஒதுக்குவதும் பல வீட்டில் அவர்கள் கையில் இருக்கிறது.

பெட்டியை வெளியூரிலிருந்து வரவழைக்காமல் நம் தச்சரிடமே செய்யச் சொல்லலாம். பலகைப் பெட்டி, கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய கண்ணாடி, தகரத் தட்டு, இவ்வளவுதான். அடைப்புக்குத் தெர்மாகோல் வேண்டாம், பெட்டிச் சூட்டில் அது இளகிச் சுருங்கிவிடும், காய்ந்த உமியோ தேங்காய் நாரோ இறுக்கி அடைத்தால் போதும், ஈரம் மட்டும் ஏறக் கூடாது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் ஆவி வெளியேறாது. பாத்திரம் மெல்லிய அலுமினியத்தில், மூடியோடு, வெளிப்பக்கம் மட்டும் பளபளப்பில்லாத கறுப்புப் பூசியதாக இருக்கட்டும். பூசிய பிறகு இரண்டு மூன்று நாள் வெறும் பெட்டியை வெயிலில் வைத்துப் பெயின்ட் வாடை முழுக்கப் போன பிறகுதான் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டும்.

கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்பதைக் கொடுக்கிற அன்றே முடிவு செய்துவிட வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் எங்கும் கண்ணாடிக் கடை இருக்கிறது, அளவை மூடியின் உள்பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் அளக்கவும் தேவையில்லை, ஆடிக் காற்றுக்கு மூடியைக் கட்டி வைக்க ஒரு சங்கிலியும் கொக்கியும் முதலிலேயே அடித்துக் கொடுத்துவிடலாம்.